சுவருக்கு முன்னாடி

1943 ஜூலை 11, ஞாயிறு

சாமியார் இந்த வாரமும் வரவில்லை. கெமாஸ் டவுனிலிருந்து வர ஜப்பான்காரன் அவருக்குப் பாஸ் கொடுக்கவில்லையாம். பள்ளிக்கூடத்திலேயே நாலைந்து பேராக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டுக் கலைந்தோம். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. இரவுக்கும் அதுதான். சோறு என்று ஒன்று இருந்ததை இனிமேல் சரித்திரப் பாடத்தில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அடுத்த வீட்டு மங்கம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆளு சயாம்ல இருக்காரு. சட்டைய எதுக்கு டீச்சர் வாரா வாரம் தொவைக்கிறீங்க?" என்றாள். பூசணம் பிடிக்கும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்காகத் துவைக்கவில்லை.

ஜூலை 14

மங்கம்மா இன்றும் அந்தக் கதையை எடுத்தாள். ஏப்ரலில் ஜப்பான்காரன் லாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்ற கதை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மங்கம்மாவின் புருஷன் மாயாண்டி எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். அவரையும் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஓவர்சியர். சாலை, சாக்கடை, கட்டடம் எல்லாம் அவர் பொறுப்பு. மண் வேலை தெரிந்த ஆள் என்று ராயப்பன் என்கிற பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

லாரி கிளம்பும்போது மாயாண்டி அழுதுகொண்டே, "புள்ளைங்களப் பாத்துக்க, நீயும் சாப்புடு" என்றாராம். மங்கம்மா இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறாள். சொல்லட்டும். அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது.

எனக்கு? லாரியின் பின்பலகையைப் பிடித்துக் குனிந்து, "மார்த்தா, சுவத்துக்கு முன்னாடி இருக்கிற மண்ண யாரையும் தொட விடாத" என்றார். அவ்வளவுதான். போய் வருகிறேன் என்றுகூட இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். பெண்டாட்டியை விட்டுப் போகிற ஒரு மனுஷன் மண்ணைப் பற்றியா பேசுவான்?

எந்தச் சுவர் என்று கேட்கவேண்டியதில்லை. எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் மேடு. மேட்டின் மேல் லாரி போகிற தோட்டத்துச் சாலை. அந்த மேடு சரிந்து எங்கள் கூரையில் விழாமல் இருக்க அவர் கட்டிய கருங்கல் தடுப்புச்சுவர். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம் கட்டி முடித்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் முதலில் அதைத்தான் போய்த் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்குள் வருவார். எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் அவள் கல்லால் செய்தவள்.

ஜூலை 29

மூன்று மாதம் முடிந்து நாளாகிறது. ஒரு லாரியும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 20

ஆறுமுகம் கங்காணியோடு சண்டை.

காலையில் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே சாலை ஓரத்தில் மண்வெட்டிச் சத்தம். பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஏறி ஓடினேன். சாலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள புல்தரையில் சர்க்கரைவள்ளி போடப் போகிறாராம் கங்காணி. அதுதான் சுவருக்கு முன்னால் இருக்கிற மண்! எங்களுக்கெல்லாம் சாலைதான் முன்பக்கம். துரை கார் வந்தது அந்தப் பக்கம், ஜப்பான்காரன் வருவதும் அந்தப் பக்கம்தான். கீழே எங்கள் அடுப்படிக் கதவுகள் திறக்கிற இடம் எல்லாருக்கும் 'பின்னாடி'.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "வெட்டணும்னா என்னையும் சேத்து வெட்டுங்க" என்றேன்.

"என்னா லா டீச்சரம்மா, நாலு கொடி போட்டா சுவரு செத்தா போயிரும்? புள்ளைங்க பசியில கெடக்குதுங்க."

"பசின்னா பின்னாடி இருக்கிற எடத்துல போடுங்க. அடுப்படியிலேர்ந்து சுவரு வரைக்கும் சும்மாதான கெடக்குது. அத நான் கேட்டேனா?"

நானே கை நீட்டிக் காட்டினேன். கங்காணி எட்டிப் பார்த்தார். அவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இறங்கிப் போகும்போது, "ஓவர்சியரு சுவரக் கட்டிட்டுப் போனாரா, உன்னைய அதுல கட்டிப்போட்டுட்டுப் போனாரா?" என்று முணுமுணுத்தார். காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

எனக்குக் கோபமே வரவில்லை. நல்லாத்தானே கேட்டார்.

செப்டம்பர் 3

பின்னாடி நிலத்தைப் பிரித்துக்கொண்டு மரவள்ளி போடப் பெண்கள் எல்லாரும் கொத்துகிறோம். எனக்கும் ஒரு பாத்தி. மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. மங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இத யாரு இப்பிடி இடிச்சு வெச்சது? தரையா, சிமிட்டியா?" என்று வைதாள். அவர்தான். சுவர் கட்டி முடித்ததும் ஆள் வைத்து அந்த இடத்தைக் கட்டையால் இடி இடியென்று இடித்தாராம். எந்த வேலையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது அவருக்கு. எனக்குள்ளே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 18

மழை. சட்டை காயவில்லை.

டிசம்பர் 25

ராத்திரிப் பூசை இல்லை, புதுத்துணி இல்லை. ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி வந்தது. கஞ்சி வைத்து மங்கம்மா பிள்ளைகளுக்கும் ஊற்றினேன்.

சோறு நினைவுக்கு வந்ததும் இன்னொன்றும் வந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள். தட்டு நிறையச் சோறு போட்டிருந்தேன். அவர் சாப்பிடாமல் உள்ளங்கையைச் செங்குத்தாகச் சோற்றில் நட்டு, மெதுவாக முன்னால் தள்ளி, "இங்க பாரு, இங்க பாரு" என்று ஏதோ விளக்கினார். மண்ணைப் பற்றித்தான், வேறு எதைப் பற்றி? சோறு தள்ளும், சோறு தாங்கும் என்று என்னவோ சொன்னார். நான் கேட்கவில்லை. சோற்றில் ஆவி பறந்தது நினைவிருக்கிறது. அவருடைய மணிக்கட்டு நினைவிருக்கிறது. அதில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுக்கலாமா, கூச்சமாக இருக்கிறதே என்று நான் யோசித்தது நினைவிருக்கிறது.

எடுத்திருக்கலாம்.

1944 மார்ச் 9

கெமாஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வடக்கேயிருந்து வருகிற வண்டியில் சயாமுக்குப் போன ஆட்கள் கொஞ்சம் பேர் வருகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். என்னைப் போல எத்தனையோ பெண்கள் பிளாட்பாரத்தில். வண்டி வந்தது. மரக்கட்டையும் மூட்டையும்தான் இருந்தன. வண்டி போன பிறகும் யாரும் நகரவில்லை. ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றோம், ஏமாந்தது எங்கள் குற்றம் போல.

ஏப்ரல் 16

அவர் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. முகம் இருக்கிறது, போட்டோ இருக்கிறதே. குரலுக்கு என்ன செய்வது? அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மிச்சம் இருக்கிறது. "சுவத்துக்கு முன்னாடி இருக்கிற மண்ண யாரையும் தொட விடாத." அதனால்தான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மார்த்தா என்று கூப்பிட்ட விதம் முழுசாகக் கேட்கிறது.

ஜூன் 25

முதல் கிழங்கை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று, இது இரண்டாவது நடவு. பின்னாடி நிலம் நன்றாகவே பள்ளமாகிவிட்டது. நல்ல மண்ணாக இருக்கிறதென்று கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்ச் சதுப்புப் பக்கத்தில் மேட்டுப்பாத்தி போட்டார்கள்; மிச்சத்தை மழை கொண்டுபோயிற்று. சுவரின் அடிக்கல் வெளியே தெரிகிறது. அந்தச் சந்தில் கோழி முட்டையிடுகிறது.

மேலே சாலை ஓரத்துப் புல்லை நான் ஒருவரையும் தொடவிடவில்லை. இப்போதெல்லாம் யாரும் கேட்பதும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னைப் பார்த்தால் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து காட்டுகிறார்கள், புல் வலிக்குமாம். கேலி செய்யட்டும். அவர் வந்து பார்க்கும்போது ஒரு புல்கூடக் கலையாமல் இருக்கும்.

அக்டோபர் 22, ஞாயிறு

சாலையில் வெடிப்பு.

ஒரு வாரமாக விடாத மழை. இன்று கொஞ்சம் வெறித்தது. என் புல்தரையைப் பார்க்க ஏறினேன். சாலை ஓரமாக, சுவர் எப்படிப் போகிறதோ அப்படியே கூடவே ஒரு வெடிப்பு ஓடுகிறது. விரலை விட்டால் முழுசாக உள்ளே போகிறது. வெடிப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள புல்தரை, என் புல்தரை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து நேரே கங்காணி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் வந்து பார்த்தார். மண்வெட்டி பட்ட அடையாளம் எங்குமே இல்லை.

கீழே இறங்கிப் பார்த்தோம். சுவர் எங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. மூலையில் சாலைக்கு ஏறுகிற படிக்கட்டுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி. அதைவிட அதிசயம், மரவள்ளிப் பாத்தி. சுவரை ஒட்டி இல்லை; சற்றுத் தள்ளி, மங்கம்மாவின் பாத்தி நடுவில், தரை உப்பி எழும்பியிருக்கிறது, போர்வைக்குள் யாரோ முழங்காலைத் தூக்கின மாதிரி. செடிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

"பெருச்சாளியா இருக்கும்" என்றாள் மங்கம்மா. கங்காணியின் கண் சுவரிலிருந்து எங்கள் அடுப்படிகளுக்குப் போய் மறுபடியும் சுவருக்கு வந்தது.

அக்டோபர் 23

ஒன்றும் புரியவில்லை. தொட விடவில்லையே. ஒருவரையும் தொட விடவில்லையே!

அக்டோபர் 24

சிலேட்டுக் குச்சி கிடையாது, தாள் கிடையாது. சின்ன வகுப்புக்குத் தட்டில் மணல் பரப்பித்தான் விரலால் எழுதச் சொல்கிறேன். இன்று பிள்ளைகள் போன பிறகு அந்த மணலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மழைச்சாரல் பட்டு ஈரமாக இருந்தது. ஒரு சிலேட்டை எடுத்து அதில் செங்குத்தாக நட்டேன். ஒரு பக்கம் மணலை உயரமாகக் குவித்தேன்: மேடு. மறுபக்கம் தாழ்வாக விட்டேன்: எங்கள் அடுப்படி. மேட்டுப் பக்கத்திலிருந்து சிலேட்டை விரலால் தள்ளினேன்.

போகவில்லை. இன்னும் அழுத்தினேன். தாழ்ந்த பக்கத்து மணல் முதலில் சும்மா இருந்தது. சிலேட்டு துளி நகர்ந்த பிறகுதான் எதிர்த்துத் தள்ள ஆரம்பித்தது. விரலில் தெரிந்தது. இன்னும் அழுத்தியபோது சிலேட்டின் அடியிலிருந்து சரிவாக ஒரு துண்டு மணல், முக்கோணமாக, அப்படியே மேலே ஏறியது. ஏறிய இடம் சிலேட்டை ஒட்டி இல்லை. தள்ளி இருந்தது. மங்கம்மாவின் பாத்தி!

பிறகு அந்தத் தாழ்ந்த பக்கத்து மணலைக் கையால் வழித்து எடுத்துவிட்டு ஒரு விரலை வைத்தேன். வைத்ததுதான். சிலேட்டு வழுக்கிக்கொண்டு போய்த் தட்டின் விளிம்பில் முட்டியது. மேட்டு மணல் அதன் மேல் சரிந்தது.

அப்போதுதான் சோறு ஞாபகம் வந்தது. ஆவிக்குப் பின்னால் இருந்த பேச்சும் வந்தது. "பின்னாடி இருக்கிறது தள்ளுற மண்ணு. முன்னாடி இருக்கிறது தாங்குற மண்ணு. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும், ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு தோணும். ஆனா தள்ளிப் பாரு, அப்பத் தெரியும் அதோட பலம்."

முன்னாடி.

சுவருக்கு முகம் எது? கல் தெரிகிற பக்கம். அது எங்களைப் பார்த்துத்தான் நிற்கிறது. வீட்டுக்குப் பின்னாடி இருப்பதுதான் சுவருக்கு முன்னாடி. அவர் சுவரின் பக்கம் நின்று பேசினார். நான் வீட்டுப் பக்கம் நின்று கேட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

நான்தான் கை நீட்டிக் காட்டினேன். பின்னாடி போடுங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல தாங்குற மண்ண எல்லாம் வெட்டிக் கொடுத்துட்டு, தள்ளுற மண்ணுக்கு ராப்பகலா காவல் இருந்திருக்கேன். போறப்ப அந்த மனுஷன் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதையும் தப்பாக் கேட்டேன். அப்ப மத்ததெல்லாம்? ரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்து அவர் பேசின பேச்சுல எத நான் சரியாக் கேட்டேன்? எங்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசினதில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேனே — பேசித்தான் இருந்தாரோ? நான் வேற பக்கம் நின்னு கேட்டேனோ?

வருத்தப்பட இப்போது நேரமில்லை. மேலே சுவர், கீழே பிள்ளைகள் தூங்குகிற வீடுகள்.

அக்டோபர் 25

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு மணல் தட்டை லயத்து வாசலுக்கே தூக்கிக்கொண்டு போனேன். எல்லாரையும் கூட்டிச் செய்து காட்டினேன். பின்னாடி நிலத்தில் செடியைப் பிடுங்கிவிட்டு மண்ணைப் போட்டு நிரப்ப வேண்டும். சுவரடியில் மட்டும் கொட்டினால் போதாது. எழும்பின இடத்தையும் தாண்டி, அடுப்படிப் படி வரைக்கும், பழையபடி இடித்து இறுக்க வேண்டும்.

மங்கம்மா எழுந்து நின்றாள். "இன்னும் ரெண்டு மாசம் போனா கெழங்கு முத்திரும் டீச்சர். இப்பப் புடுங்கினா வெறும் வேருதான். எம்புள்ளைங்களுக்கு எதப் போடுவேன்?"

"தெரியும் மங்கம்மா."

"என்னா தெரியும்? மேல தொடாதன்னீங்க, தொடல. கீழ போட்டுக்கன்னீங்க, போட்டோம். இப்பக் கீழயும் தொடாதங்கிறீங்க. நீங்க சொல்றதெல்லாம் அவரு சொன்னதுதானா, இல்ல ஏக்கத்துல நீங்களாச் சொல்றீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முகம் எரிந்தது. "அவரு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் முன்னாடி பின்னாடி தெரியாமக் கேட்டுட்டேன்" என்றேன். ஒரு டீச்சர் இதைச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

கங்காணி சிரிக்கவில்லை. தட்டின் முன்னால் குந்தி, சிலேட்டை எடுத்து அவரே நட்டு, மணலை வழித்துவிட்டு, தள்ளிப் பார்த்தார். மறுபடியும் மணலைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவ்வளவு மண்ணுக்கு எங்க போறது?"

"சதுப்புப் பக்கம் கொண்டுபோனது கொஞ்சம் வரும். மிச்சம் மேல இருக்கு. வெடிப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற புல்லுத்தரை. அத எடுத்தா தள்ளுற பாரமும் கொறையும்."

"எந்தப் புல்லுத்தரை?"

"அதுதான்."

"என்னையும் சேத்து வெட்டுங்கன்னு நீ உக்காந்தியே, அந்தப் புல்லுத்தரையா?"

"அதுதான் கங்காணி."

அவர் சிலேட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "சாலையில கை வெச்சா ஜப்பான்காரன் நம்ம கைய எடுத்துருவான். புல்லோட நிறுத்திக்கலாம்" என்றார். முடிவு பண்ணியாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

முதல் செடியை நான் என் பாத்தியில் பிடுங்கினேன். விரல் பருமன்கூட இல்லை கிழங்கு. மங்கம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 26

கை முழுவதும் கொப்புளம். மழை லேசாகத் தூறியபடியே இருக்கிறது. மேலேயிருந்து நேரே கீழே தள்ளக் கூடாது, சுவருக்கு அதிர்ச்சி ஆகாது என்று கங்காணியே சொல்லிவிட்டார். அதனால் கூடையில் அள்ளி, படிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து கொட்டுகிறோம். நான் காவல் காத்த புல் கரணை கரணையாக என் தலையிலேயே இறங்கியது.

மத்தியானத்துக்கு மேல் மங்கம்மாவின் கதவு திறந்தது. தன் செடிகளைப் பிடுங்கிப் படியில் அடுக்கினாள். பிறகு கட்டையை எடுத்து இடிக்க ஆரம்பித்தாள். அந்த இடி சுவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

முடிந்தது. சுவரின் பாதி மறையும் வரை மண் திட்டு. அசிங்கமாகத்தான் இருக்கிறது. அடுப்படியிலிருந்து வெளியே வந்தால் மண்ணில் முட்டிக்கொள்கிறோம். என் கூலியில்லாத வேலைக்காரர்களுக்கு நான் கொடுத்தது மரவள்ளி வேர் அவித்த தண்ணீர்.

நவம்பர் 12

நான்கு நாள் பெருமழை. ஆறு பாலத்துக்கு மேல் போனது. மழையிலேயே நின்று சுவரைப் பார்த்தேன். மேலே வெடிப்பு பழைய அளவுதான். மண் திட்டில் சுவரோரம் ஒரு மயிரிழைக் கோடு. அதற்கு மேல் இல்லை.

நின்றுவிட்டது. இந்தத் தடவை சரியாகக் கேட்டேன்.

1945 பிப்ரவரி 4

மாயாண்டி செத்துப்போனார். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் சொல்லி அனுப்பினார். காலரா. போன வருடமே முடிந்துவிட்டது. இத்தனை நாளும் மங்கம்மா "நீயும் சாப்புடு" கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மங்கம்மா அழவில்லை. அடுப்பில் ஏற்றியதை இறக்கி, பிள்ளைகளுக்குப் போட்டு, தானும் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு என் தோளில் சாய்ந்தாள்.

ராயப்பன் ஓவர்சியரைப் பற்றி அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாதாம். பார்த்ததில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மங்கம்மா என் தோளில் கிடக்கும்போதே. என்ன பெண் நான்.

மே 20

சட்டை துவைத்தேன். காலர் நைந்துவிட்டது. யாரும் போடாமலேயே.

செப்டம்பர் 9

ஜப்பான்காரன் ஆபீஸைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். சிரம்பானில் வெள்ளைக்காரன் பட்டாளம் இறங்கப் போகிறதாம். பிள்ளைகள் ஜப்பான் பாட்டை வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு ஓடுகிறார்கள். நானும் திருத்தவில்லை.

சயாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தத் தடவை வதந்தி இல்லை. மங்கம்மா, "நானும் வர்றேன் டீச்சர், துணைக்கு" என்று என்னோடு கெமாஸ் வரை வந்தாள். அவள் யாருக்காகவும் வரவில்லை. இறங்கிய ஆண்களை எல்லாம் அவளும் உற்று உற்றுப் பார்த்தாள்.

அக்டோபர் 14

இன்றும் இல்லை.

நவம்பர் 6

வந்துவிட்டார்.

நவம்பர் 10

எழுத நேரமில்லை. காலில் பெரிய புண். வெந்நீர் வைத்துக் கழுவுகிறேன். பாதி ஆளாகத்தான் வந்திருக்கிறார். கட்டிலில் படுக்கமாட்டார், தரைதான். சோறு போட்டால் தட்டை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொள்கிறார். கேட்டால் பதில் வருகிறது, கேட்காவிட்டால் இல்லை. மங்கம்மா வந்து வாசலில் நின்றாள். "மாயாண்டிய நான்தான் பொதச்சேன்" என்றார் அவளிடம். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். வந்ததிலிருந்து தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

இத்தனை நாள் ஆள் இல்லாமல் ஏங்கினேன். இப்போது ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஏக்கம் மட்டும் எங்கும் போகவில்லை. சுவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் தரையில் ஆள் இல்லை. அடுப்படிக் கதவு திறந்திருந்தது.

கோலை ஊன்றிக்கொண்டு மண் திட்டின் மேல் நின்றிருந்தார். ஒரு கை சுவரில். காலால் மண்ணை மிதித்து இறுக்கம் பார்த்தார். மேலே சாலை ஓரத்தைப் பார்த்தார். புல்தரை இருந்த இடம் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். சுவரின் மூலையில் அந்த இடைவெளியை விரலால் அளந்தார்.

"நகந்திருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"மண்ணு யாரு போட்டது?"

"நாங்கதான். கங்காணி, மங்கம்மா, எல்லாருமா."

"அகலமாப் போட்டிருக்கீங்க. அதான் நின்னுருக்கு. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான். போறப்ப லாரியில நின்னுக்கிட்டுச் சொன்னீங்களே. சுவத்துக்கு முன்னாடி இருக்கிற மண்ண யாரையும் தொட விடாதன்னு."

யோசித்தார். "நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லியே மார்த்தா."

நான் அப்படியே திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள் அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தேன்! அதைத் தப்பாகப் புரிந்து, சரியாகப் புரிந்து, அதற்காக ஊரெல்லாம் சிரிக்க நின்று — சொன்னவரிடம் அது இல்லவே இல்லை. அழுகை வருமென்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. கோலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேற என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. லாரி போயிருச்சு."

தலையைக் குனிந்துகொண்டார். காதோரம் சிவந்தது, அது மட்டும் பழைய ஆள். "அத்தன பேரு முன்னாடி எப்பிடிச் சொல்றது" என்றார்.

"இப்ப யாரும் இல்லியே" என்றேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். மங்கம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கோழிகள் மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

நான் சரியாகக் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.